வட்டி வேண்டாம் என்கிறோம், கணக்கு எழுதுகிறோமா? காலாப்பட்டு விடுதியிலிருந்து ஒரு கேள்வி

பரங்கிப்பேட்டை மாணவன் | வெள்ளி, இரவு 11:40

அஸ்ஸலாமு அலைக்கும். புதுச்சேரி காலாப்பட்டில் எம்.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு மாதமாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் இது. நீளமாகத்தான் வரும், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் அறையில் மூன்று பேர். நான் பரங்கிப்பேட்டை, ஒருவன் லால்பேட்டை, இன்னொருவன் காரைக்கால். வட்டி ஹராம் என்பதில் மூவருக்கும் துளி சந்தேகம் கிடையாது. வட்டி வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் எல்லாரும் பாவத்தில் சமம் என்ற ஹதீஸை மதரஸா காலத்திலேயே மனப்பாடம் செய்தவர்கள்.

போன ஆகஸ்டில் என் போன் கீழே விழுந்து உடைந்தது. இணையக் கடை ஒன்றில் 24,000 ரூபாய்க்கு ஒரு போன் பார்த்தேன். மாதம் 4,000, ஆறு தவணை, ‘வட்டியில்லா இஎம்ஐ’ என்று பச்சை எழுத்தில் இருந்தது. வட்டியில்லை என்ற சொல்லைப் பார்த்ததும் பிஸ்மி சொல்லி அழுத்திவிட்டேன்.

ஒப்பந்தத்தைத் திறந்து படித்தது மூன்று மாதம் கழித்து. அதில் இருந்ததை அப்படியே சொல்கிறேன். கடன் தொகை 22,984. ஆண்டு வட்டி 15 சதவீதம். ஆறு மாத வட்டி 1,016. அதே 1,016-ஐத்தான் கடைக்காரர் போன் விலையில் தள்ளுபடியாகக் குறைத்திருக்கிறார். நடைமுறைக் கட்டணம் 199, அதற்கு ஜிஎஸ்டி 36. ஆக, 24,000 போனுக்கு 24,235 கட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் ‘வட்டி’ என்ற சொல் ஒன்பது இடத்தில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். கீழே என் கையெழுத்து, ஆதார் ஓடிபி வழியாக.

மூன்றாம் தவணைக்குக் கணக்கில் பணம் இல்லை. வாப்பா அனுப்ப நான்கு நாள் தாமதம். கடன் கொடுத்த நிறுவனம் 590 பிடித்தது, என் வங்கி 295 பிடித்தது. ஒரே நாளில் 885 போனது. விடுதி மெஸ்ஸில் எத்தனை வேளைச் சாப்பாடு அது!

அதற்குப் பிறகுதான் ஒரு நோட்டு வாங்கி ஒரு மாதம் முழுக்க எழுதினேன். மெஸ் கட்டணம் தனி. அது போக மாதம் 5,000 ரூபாய்க்குள் செலவு செய்கிறேன் என்றுதான் வீட்டில் சொல்லிவந்தேன், நானும் அதை நம்பினேன். வந்த கணக்கு 7,310. இரவு 11 மணிக்கு மேல் வரவழைத்த சாப்பாடு 1,920. டீ, பஜ்ஜி, ஜூஸ் 1,130. பஸ், ஆட்டோ, நண்பன் வண்டிக்குப் பெட்ரோல் 1,260. பிறந்தநாள் வசூல் 900. ரீசார்ஜும் தானாகப் பிடித்துக்கொள்ளும் சந்தாக்களும் 640. மீதி 1,460 எதற்குப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை. யுபிஐ பட்டியலில் கடைப் பெயர் இருக்கிறது, என்ன வாங்கினேன் என்பது நினைவில் இல்லை.

வரவுக்கு மேல் போனதெல்லாம் அறை நண்பர்களிடம் வாங்கிய கைமாற்று. யாரிடம் எவ்வளவு என்று எங்கேயும் எழுதவில்லை.

இரண்டு கேள்விகள். அந்த இஎம்ஐயை மார்க்கம் எப்படிப் பார்க்கிறது? அப்புறம், வட்டி ஹராம் என்று இவ்வளவு உறுதியாக இருக்கிற நாம், பணத்தைக் கையாளும் மற்ற எந்த ஒழுங்கையும் ஏன் கற்றுக்கொள்ளவே இல்லை?

---

ஓ.டி. கணக்கர் | சனி, காலை 6:15

தம்பி, கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரில்) இருக்கிறேன். 31 வருடம் வங்கி கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். உங்கள் மார்க்கச் சட்டம் எனக்குத் தெரியாது, அதற்குள் போக மாட்டேன். கணக்கை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் படித்துப் புரிந்துகொண்டது சரி. வட்டியே வாங்காமல் கடன் கொடுக்கும் நிதி நிறுவனம் இந்த வியாபாரத்தில் கிடையாது. வட்டியை உங்களுக்குப் பதில் கடைக்காரர் ஏற்கிறார், அவ்வளவுதான். 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி, பூஜ்ய சதவீதத் தவணைத் திட்டங்களில் வட்டி ஒளிந்திருக்கிறது, அது கூடாது என்று வங்கிகளுக்குச் சொன்னது. அதனால்தான் இப்போது வட்டியைத் தனி வரியாகவும் தள்ளுபடியைத் தனி வரியாகவும் காட்டுகிறார்கள். 2022-ல் வந்த டிஜிட்டல் கடன் விதிகளின்படி, கையெழுத்துக்கு முன்பே வட்டி விகிதமும் எல்லாக் கட்டணமும் சேர்ந்த முக்கிய விவரத் தாளை உங்களுக்குக் காட்ட வேண்டும். குறிப்பிட்ட நாட்களுக்குள் அசலையும் அதுவரையான வட்டியையும் கட்டிவிட்டு, அபராதம் இல்லாமல் வெளியேறவும் வழி உண்டு. அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

வேலைக்குப் போனதும் கிரெடிட் கார்டு வரும். அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். 20,000 பாக்கி என்று வையுங்கள். ‘குறைந்தபட்சம் 1,000 கட்டினால் போதும்’ என்று ரசீது சொல்லும். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 700. அதற்கு ஜிஎஸ்டி 126. நீங்கள் கட்டிய 1,000-ல் அசலுக்குப் போனது 174 ரூபாய். எங்கள் கிளையில் ஒரு கல்லூரி விரிவுரையாளர் மாதா மாதம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டே இருந்தார். கடன் மட்டும் அசையவில்லை. ஒரு நாள் இந்தக் கணக்கைச் சீட்டில் எழுதிக் காட்டினேன். பேசாமல் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். மறுவாரம் மனைவியின் வளையலை விற்று முழுவதையும் அடைத்தார்.

நோட்டுப் போட்டீர்கள் பாருங்கள், அதை விடாதீர்கள்.

---

சிதம்பரம் லாத்தா | சனி, காலை 9:50

தம்பி, நான் சிதம்பரத்தில் பி.எட். படிக்கிறேன். பெண்கள் விடுதிக் கதை வேறு மாதிரி. எங்களிடம் இரவுச் சாப்பாட்டுச் செலவு குறைவு. ஆனால் பெருநாளைக்கு முன் ஒரு மாதம் பாருங்கள்: அபாயா, சுரிதார், மருதாணி, தோழி நிக்காஹ்வுக்குப் பரிசு என்று கை நிற்காது. அப்புறம் நகைச் சீட்டு. என் வகுப்பில் நான்கு பேர் மாதம் 1,000 கட்டுகிறார்கள். பதினோரு மாதம் கட்டினால் கடைக்காரர் ஒரு தவணை போடுவார், அல்லது சேதாரத்தில் கழிப்பார். இது கூடுமா கூடாதா என்று ஒருத்திக்கும் தெரியாது. கேட்க வெட்கம், பள்ளிவாசல் பக்கம் நாங்கள் போய்க் கேட்கும் வழக்கமும் எங்கள் ஊரில் இல்லை. ஜுமுஆ பயானில், அதாவது வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவில், வட்டியைப் பற்றி வருகிறது. இஎம்ஐ, நகைச் சீட்டு, கடன் செயலி பற்றி வருவதே இல்லை. வந்தாலும் அது பெண்களின் காதுக்கு எட்டுவதில்லை.

இன்னொன்று, என் தோழி ஒருத்தி தேர்வுக் கட்டணத்துக்காகக் கடன் செயலியில் 3,000 எடுத்தாள். கைக்கு வந்தது 2,100. ஏழு நாளில் 3,000 கேட்டார்கள். தாமதமானதும் அவள் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் குறுஞ்செய்தி போனது. அவள் மாமாவுக்குக்கூட. ஓ.டி. ஐயா சொன்ன விதிகளின்படி செயலி நம் தொடர்பு எண்களைத் தொடவே கூடாது. அந்தச் செயலி எந்த அனுமதியும் இல்லாதது என்று பிறகுதான் தெரிந்தது. 1930 எண்ணுக்குப் புகார் கொடுத்தோம். அவள் மூன்று வாரம் வகுப்புக்கு வரவில்லை.

அவளுடைய ஊரில் பைத்துல்மால் என்ற ஜமாஅத்தின் பொது நிதி இருக்கிறது. தேர்வுக் கட்டணம் என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கலாம் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

---

முல்லா வீதி | சனி, பகல் 1:30

என் தம்பியும் அவன் கூட்டாளிகளும் பங்குச் சந்தையில் ‘ஆப்ஷன்ஸ்’ போடுகிறார்கள், பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று பணம் வைக்கும் பேரம். கேட்டால் ‘இது வட்டி இல்லையே, வியாபாரம்தானே’ என்கிறான். 2024 செப்டம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வெளியிட்ட ஆய்வைக் காட்டினேன். மூன்று வருடத்தில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பேரத்தில்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். நஷ்டம் சராசரியாக ஆளுக்கு 2 லட்சம் ரூபாய். இந்தக் கூத்துக்கு அவன் எடுத்தது செமஸ்டர் கட்டணப் பணம். வாப்பாவுக்கு இன்னும் தெரியாது. ஹஜ்ரத் யாராவது இருந்தால் அவனுக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

---

லால்பேட்டை ஹஜ்ரத் | சனி, இஷாவுக்குப் பிறகு

வ அலைக்கும் ஸலாம். எல்லாவற்றுக்கும் ஒரே பதிவில் சொல்லப் பார்க்கிறேன். பொதுவான சட்டத்தைத்தான் சொல்வேன். உங்கள் தனிப்பட்ட நிலைக்குத் தீர்ப்பு வேண்டுமென்றால் ஊர் ஆலிமிடம் ஒப்பந்தத்தை எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

தவணை வியாபாரம் கூடும். ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்குக் கூடுதல் விலை என்று வைப்பதும் கூடும். ஒரே விலையைப் பேசி முடித்து, பிறகு ஏறக் கூடாது என்பதே நிபந்தனை. 1990-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி இதையே முடிவாகச் சொன்னது. தாமதமானதற்காகப் பாக்கியை ஏற்றினால் அது வட்டி. ஆக, கடைக்காரரே தன் போனை உங்களுக்குத் தவணையில் விற்றிருந்தால் பேச்சே இல்லை. உங்கள் விஷயத்தில் மூன்றாவதாக ஒருவர் வந்து பணத்தைக் கடனாகக் கொடுத்து, 15 சதவீத வட்டி என்று எழுதி உங்கள் கையெழுத்தையும் வாங்கியிருக்கிறார். அந்த வட்டியைக் கடைக்காரர் ஈடுகட்டினாலும் ஒப்பந்தம் வட்டி ஒப்பந்தம்தான். தாமதக் கட்டணத்துக்கும் நீங்கள் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். தெரியாமல் செய்ததற்குத் தவ்பா செய்து பாவமன்னிப்புத் தேடுங்கள், பாக்கியைச் சீக்கிரம் அடைத்துவிடுங்கள். போனை வீசத் தேவையில்லை.

லாத்தாவின் நகைச் சீட்டில் இரண்டு சிக்கல். தங்கத்தைப் பணத்துக்கு வாங்கினால் கைக்குக் கை மாற வேண்டும். பணத்தை மட்டும் மாதா மாதம் சேர்த்து, கடைசி நாளில் அன்றைய விலைக்கு வாங்கினால் அந்தச் சிக்கல் வராது. ஆனால் அதுவரை அந்தப் பணம் கடைக்காரரிடம் கடனாகத்தான் இருக்கிறது. கடன் கொடுத்ததற்காக வரும் உபரி கூடாது. அந்தப் பன்னிரண்டாவது தவணைதான் உறுத்துகிறது. ஊர்ச் சீட்டும் இப்படித்தான். இருபது பேர் ஆயிரம் ஆயிரம் போட்டுக் குலுக்கி எடுக்கும் சீட்டில் யாருக்கும் கூடக் குறைய இல்லை, அது உதவி. ஏலச் சீட்டில் அவசரக்காரர் 20,000-ஐ 16,000-க்கு எடுக்கிறார். அவர் விட்ட 4,000-ஐ மற்றவர்கள் பங்கு போடுகிறார்கள். அவருடைய கஷ்டம் மற்றவர்களுக்கு வருமானமாகிறது.

முல்லா வீதித் தம்பிக்கு: வட்டி மட்டும்தான் ஹராம் என்று நினைத்ததுதான் பிழை. சூதும் ஹராம். கையில் இல்லாத, வாங்க நினைக்காத ஒன்றின் விலை ஏறுமா இறங்குமா என்று பணம் வைப்பதை ஆலிம்கள் சூதோடும் கராரோடும் சேர்க்கிறார்கள். கரார் என்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் பேரம். கட்டணப் பணம் போனதை உங்கள் தம்பியே வாப்பாவிடம் சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

பரங்கிப்பேட்டைத் தம்பியின் இரண்டாவது கேள்விதான் என்னை உலுக்கியது. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது தெரியுமா? பகரா அத்தியாயத்தின் 282. கடனை எழுதுங்கள் என்கிற வசனம். தவணை குறித்து எழுதுங்கள், கடன்பட்டவரே வாசகம் சொல்லட்டும், சாட்சி வையுங்கள், சிறியதோ பெரியதோ எழுதச் சலிப்படையாதீர்கள் என்று அவ்வளவு விரிவாகச் சொல்கிறது. அதற்கு ஏழு வசனம் முன்னால், 275-ல், வியாபாரம் ஆகும், வட்டி ஆகாது என்று வருகிறது. நாங்கள் மிம்பர் மேடையில் 275-ஐ நூறு தடவை ஓதியிருப்போம். 282-ஐ விளக்கி ஒரு ஜுமுஆ பேசிய நினைவு எனக்கு இல்லை. இது எங்கள் குறை, ஒப்புக்கொள்கிறேன்.

கடன் வாங்குவது இழிவல்ல. நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அவர்களுடைய கவசம் ஒரு யூதரிடம் கோதுமைக்காக அடமானத்தில் இருந்தது.

[திருத்தம்: கோதுமை என்று எழுதிவிட்டேன், வாற்கோதுமை. புகாரி ஹதீஸ் தொகுப்பில் உள்ள அறிவிப்பு.]

அதே நபி (ஸல்) தொழுகையில் கடனிலிருந்து பாதுகாப்புத் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அதிகம் தேடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்குக் கொடுத்தால் மீறுகிறான் என்று பதில் சொன்னார்கள். ‘நாளைக்குத் தர்றேன்டா’ என்று விடுதியில் எத்தனை தடவை சொல்கிறோம் என்று ஒவ்வொருவரும் நினைத்துப் பாருங்கள்.

---

கே.எல். நானா | ஞாயிறு, காலை 7:05

பரங்கிப்பேட்டைக்காரன்தான், பதினாறு வருடமாகக் கோலாலம்பூரில். ‘நம் நாட்டில் இஸ்லாமிய வங்கி இல்லை, அதனால்தான் இப்படி’ என்று அடுத்து யாராவது எழுதுவீர்கள். அதற்கு முன்னால் இங்கே பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே எல்லாம் இருக்கிறது. ஹஜ்ஜுக்குச் சேமிக்கும் தாபோங் ஹாஜி 1963-லிருந்து இருக்கிறது. முதல் இஸ்லாமிய வங்கி 1983-ல் வந்துவிட்டது. மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் பிடிபிடிஎன் கல்விக் கடன் 1997-ல் தொடங்கியது. 2008-ல் அதை ‘உஜ்ரா’ முறைக்கு மாற்றி, வட்டிக்குப் பதில் ஆண்டுக்கு 1 சதவீதச் சேவைக் கட்டணம் என்றார்கள். நம் பிள்ளைகளுக்கு இது கிடைக்காதா என்று எனக்கும் ஏக்கம் உண்டு. ஆனாலும் இங்கே சம்பளம் வாங்க ஆரம்பித்து இரண்டே வருடத்தில் கார் கடன், கார்டு கடன் என்று மாட்டிக்கொண்ட பிள்ளைகளை என் அலுவலகத்திலேயே பார்க்கிறேன். கடனில் சிக்கியவர்களுக்கு ஆலோசனை சொல்லவே மத்திய வங்கி 2006-ல் ஏகேபிகே என்று ஓர் அமைப்பைத் தொடங்க வேண்டியிருந்தது.

பக்கத்து இந்தோனேசியாவில் அரசின் நிதிச் சேவை ஆணையம் கணக்கெடுப்பு நடத்துகிறது. 2022-ல் பொது நிதி அறிவு 49.68 சதவீதம், இஸ்லாமிய நிதி அறிவு 9.14 சதவீதம்தான். 2024 கணக்கெடுப்பில் இஸ்லாமிய நிதி அறிவு 39.11-க்கு வந்துவிட்டது. அந்தச் சேவைகளைப் பயன்படுத்துவோர் மட்டும் 12.88 சதவீதத்தில் நின்றார்கள். உலகிலேயே அதிக முஸ்லிம்கள் வாழும் நாடுகளில் ஒன்று அது. தெரிவது ஒன்று, கை அதைச் செய்வது வேறு.

வங்கி வந்தால் ஒப்பந்தம் ஹலாலாகும். இரவு 11 மணி பிரியாணியை வங்கியால் நிறுத்த முடியாது தம்பி.

---

காலாப்பட்டு ஆய்வாளர் | ஞாயிறு, காலை 10:20

நானா சொன்னதில் பாதிதான் எனக்குச் சம்மதம். வங்கி இல்லாத குறை சின்னக் குறை அல்ல. 2008-ல் ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கிச் சேவை வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2015-ல் தீபக் மொகந்தி குழு, சாதாரண வங்கிகளிலேயே வட்டியில்லாச் சாளரம், அதாவது தனிப் பிரிவு, திறக்கலாம் என்றது. 2017-ல் ரிசர்வ் வங்கி அதைத் தொடரப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. இருபது வயதுப் பிள்ளைக்கு முறையான வழி இல்லாதபோது முறையற்ற வழி கண்ணில் படத்தான் செய்யும். ‘ஹலால் முதலீடு, மாதா மாதம் லாபம்’ என்று பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் பல்லாயிரம் பேரிடம் வாங்கிய பணம் 2019 ஜூனில் மூழ்கிப்போனது எல்லாருக்கும் தெரியும். தாடியைப் பார்த்துப் பணம் கொடுத்தவர்கள் கணக்கறிக்கையைக் கேட்கவில்லை.

இருக்கிற முறையான வழிகளையும் சொல்ல வேண்டும். டாடா எத்திகல் ஃபண்ட் என்ற பரஸ்பர நிதி இருக்கிறது. நிஃப்டி 50 ஷரீஆ குறியீடு இருக்கிறது. மது, சூது, வட்டித் தொழில் நிறுவனங்களையும் கடன் மிகுந்த நிறுவனங்களையும் வடிகட்டிய பட்டியல்கள் இவை. பங்கு என்பதால் ஏறும் இறங்கும். படிக்கிற காலத்தில் கடன் வாங்கி இதில் போடச் சொல்ல மாட்டேன்.

இன்னொரு விஷயம். என்னைப் போல ஜேஆர்எஃப் (ஆய்வு மாணவர் உதவித்தொகை) வாங்குகிறவர்களுக்கு ஜகாத் கடமையாகலாம் என்பதை எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? 2023-லிருந்து உதவித்தொகை மாதம் 37,000. ‘நான் மாணவன், எனக்கு என்ன ஜகாத்’ என்றுதான் நானும் இருந்தேன். போன ரமளானில் கணக்குப் பார்த்தேன். 612 கிராம் வெள்ளியின் மதிப்பைத் தாண்டி, கடன் போக, 1,40,000 சேமிப்பில் இருந்தது, பிறைக் கணக்கில் ஒரு வருடமும் முடிந்திருந்தது. இரண்டரை சதவீதம், 3,500 ரூபாய். அந்தப் பணத்தை எங்கள் துறையிலேயே மெஸ் கட்டணம் கட்ட முடியாமல் இருந்த ஒருவனுக்குக் கொடுத்தேன். ஜகாத் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று ஹஜ்ரத் ஒருவர் சொன்னார்.

---

நெல்லிக்குப்பம் உம்மா | ஞாயிறு, இரவு 9:30

என் மகள் தட்டச்சு செய்கிறாள், சொல்வது நான். பிள்ளைகள் பேசுவதைப் படித்துக் காட்டினாள், இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றியது.

என் மகனுக்குப் புதுச்சேரியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. வங்கிக் கடன் எடு, எல்லாரும் எடுக்கிறார்கள் என்றார்கள். அவன் அத்தா வேண்டாம் என்றார். நான்கு நாள் வீட்டில் அடுப்புதான் எரிந்தது, யாரும் யாரிடமும் பேசவில்லை. கடைசியில் என் கழுத்துச் சங்கிலியை ஊர் பைத்துல்மாலில் வைத்து வட்டியில்லாமல் 90,000 வாங்கினோம். மாதம் 3,000, முப்பது மாதம். மழைக்காலத்தில் அத்தாவுக்கு வேலை இல்லாத இரண்டு மாதம் கட்டவில்லை. செயலாளர் வீட்டுக்கு வந்து, ‘வசதிப்படும்போது கட்டுங்க, ரெண்டு மாசம் தள்ளிப் போட்டுக்கறோம்’ என்று நோட்டில் எழுதிவிட்டுப் போனார். அபராதம் இல்லை. சங்கிலி போன மாதம் கைக்கு வந்தது.

மகன் மூன்றாம் வருடத்தில் வீட்டுக்கு வந்தபோது காலில் 4,500 ரூபாய் ஷூ. எப்படி வாங்கினாய் என்று கேட்டேன். மாதா மாதம் கட்டுகிறேன் என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பைத்துல்மால் பாஸ் புத்தகத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். முப்பது முத்திரை. ஒவ்வொரு முத்திரைக்கும் எந்த மாதம் எதை நிறுத்தினோம் என்று சொன்னேன். இந்த மாதம் மீன் வாங்கவில்லை, இந்த மாதம் உன் தங்கைக்குப் பெருநாள் துணி எடுக்கவில்லை, இது உன் மாமாவிடம் வாங்கியது. பதினோராம் முத்திரையில் அவன் அழுதுவிட்டான்.

பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. வீட்டில் பணம் எப்படி வருகிறது என்று நாங்கள் அவர்களிடம் சொல்வதே இல்லை. கஷ்டம் தெரியக்கூடாது என்று மறைக்கிறோம். தெரியாதவனுக்கு எப்படிச் சிக்கனம் வரும்?

---

லால்பேட்டை ஹஜ்ரத் | ஞாயிறு, இரவு 10:45

உம்மா, இதற்கு மேல் நான் என்ன சொல்ல? கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள் என்று 280-ஆம் வசனம் சொல்கிறது. உங்கள் செயலாளர் செய்தது அதுதான்.

எல்லா ஊரிலும் இப்படிப் பைத்துல்மால் இல்லை என்பதும் உண்மை. கல்விக் கடன் எடுத்தே ஆக வேண்டிய நிலையில் நிற்கும் பிள்ளைகளை நான் இங்கே இருந்து கண்டிக்க மாட்டேன். நிர்ப்பந்தம் எது, ஆசை எது என்று நேரில் உட்கார்ந்து பேசித்தான் சொல்ல முடியும். முதலில் அரசுக் கல்லூரி, முதல் பட்டதாரி சலுகை, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் மாதம் 1,000, ஜமாஅத்தின் கல்வி உதவி என்று எல்லாக் கதவையும் தட்டிவிட்டு வாருங்கள். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனில் மூழ்கியவரும் உண்டு, அதையும் மறக்க வேண்டாம்.

---

வில்லியனூர் தோழன் | திங்கள், காலை 8:10

நான் முஸ்லிம் இல்லை. பரங்கிப்பேட்டை மாணவனோடு ஒரே வகுப்பு. எங்கள் வீட்டில் மீட்டர் வட்டிக்கு வாங்கி அப்பா கடையை விட்டார். அதனால் இந்த இழையை ஒரு வரி விடாமல் படித்தேன். பைத்துல்மால் போல எங்கள் தெருவில் ஒன்று இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் ஊரில் மற்ற சமூகத்தவருக்கும் கொடுப்பார்களா?

---

நெல்லிக்குப்பம் உம்மா | திங்கள், பகல் 12:00

எங்கள் ஊரில் கொடுக்கிறார்கள் தம்பி. நகை வைக்க வேண்டும், ஊர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். என் பக்கத்து வீட்டு அக்கா தையல் மிஷின் வாங்கியது அப்படித்தான்.

---

பரங்கிப்பேட்டை மாணவன் | மூன்று வாரம் கழித்து, வியாழன் இரவு

எல்லாருக்கும் ஜஸாகல்லாஹ் கைரன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இஎம்ஐயில் பாக்கி இருந்த கடைசித் தவணைகளை ஒரேயடியாக அடைத்துவிட்டேன். உம்மாவிடம் உண்மையைச் சொல்லித்தான் வாங்கினேன். 5,000 என்று இவ்வளவு நாள் சொன்னது பொய் என்றும் சொன்னேன். உம்மா திட்டவில்லை. ‘நோட்ட கொண்டா பாக்கலாம்’ என்று மட்டும் சொன்னார்கள். அந்த 1,460 இருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்கள்.

சாப்பாட்டுச் செயலியை அழித்தேன். தானாகப் பிடிக்கும் சந்தாக்களில் மூன்றை நிறுத்தினேன். இந்த மூன்று வாரத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு 210 ரூபாய். நெல்லிக்குப்பம் உம்மா சொன்னதற்குப் பிறகு எங்கள் அறையில் மூவரும் வீட்டு வருமானம் எவ்வளவு என்று விசாரித்தோம். மூவருக்குமே அதுவரை தெரியாது. காரைக்கால்காரன் அவன் வாப்பாவுக்கு சம்பளம் இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு வெளியே போய் மாடியில் நின்றான்.

மிச்சம் இருந்தது கைமாற்று. லால்பேட்டை நண்பனுக்கு நான் தர வேண்டியது 2,350 என்பது என் நினைவு. அவன் 2,800 என்றான். இருவரும் பொய் சொல்லவில்லை, அதுதான் சங்கடம். யுபிஐ பட்டியலை ஒரு மணி நேரம் அலசினோம். சில தொகை ரொக்கமாக வாங்கியது, அதற்குத் தடயமே இல்லை. ஒரு கட்டத்தில் குரல் உயர்ந்தது. இரண்டு வருடப் பழக்கம், அவன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு ஹஜ்ரத் எழுதியதை எடுத்துப் படித்தோம். கடன்பட்டவரே வாசகம் சொல்லட்டும் என்று இருக்கிறது, அப்படியானால் நீயே சொல் என்றான். நான் 2,800 என்று சொன்னேன். அவன் இல்லை, 2,600 போடு என்றான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். மாதம் 650, நான்கு தவணை, ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி. கீழே நானும் அவனும் கையெழுத்துப் போட்டோம். சாட்சிக்குக் காரைக்கால்காரனும், பக்கத்து அறையிலிருந்து வில்லியனூர் நண்பனும்.

முதல் 650 நேற்றுக் கொடுத்துவிட்டேன்.